கள்ளுக்கு ஒரு நீதி

1525ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரைங்காவ் பகுதி விவசாயிகள் கலகத்தில் இறங்கினார்கள். வரியும் ஊழியமும் கழுத்தை நெரித்த காலம். எபர்பாக் துறவிமடத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் கூடி உட்கார்ந்தவர்களுக்கு மடத்துக்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். சுமார் 70,000 லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய் ஒன்றைத் துறவிகள் 1500ஆம் ஆண்டில் செய்து வைத்திருந்தார்கள். அதிலிருந்த திராட்சை மதுவில் பெரும்பகுதியைக் கலகக்காரர்கள் குடித்தே தீர்த்துவிட்டார்கள். அப்புறம் பிரபுக்களின் படை வந்தது, கலகம் அடங்கியது, தலைவர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நம்முடைய தமிழ் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், வெள்ளைக்கார நிர்வாகியான துரையும் குமாஸ்தாவான கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லாதே, எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, மருத்துவ வசதி கொடு என்று போன கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடையை மூடு. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் வந்தது, சுட்டார்கள். ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

முதலாளியின் மதுவைக் குடித்துக் காலி செய்தவர்கள் ஐரோப்பிய வரலாற்றில் உரிமைக்குப் போராடிய விவசாயிகள். முதலாளி ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிக் குண்டடி பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைய மலேசியாவில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிற பட்டம், குடிகாரத் தோட்டத்தான். பட்டத்தைச் சூட்டியது வெள்ளைக்காரன் மட்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பங்சாரிலும் குடியேறிய படித்த தமிழர்கள் அதை இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.

எபர்பாக்குக்கே திரும்பவும் போவோம், ஏனென்றால் சமாச்சாரம் அங்கேதான் இருக்கிறது. சிஸ்டெர்சியத் துறவிகள் 1136இல் நிறுவிய மடம் அது. ரைன் நதி வடக்கு நோக்கி ஓடிவந்து, அந்த இடத்தில் மட்டும் மேற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போகிறது. அதனால் வடகரைக் குன்றுகள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. பின்னால் டவுனஸ் மலை நின்று வாடைக்காற்றைத் தடுக்கிறது. ஐம்பதாவது வடக்கு அட்சக்கோடு அந்த வட்டாரத்தின் வழியாகவே போகிறது. அவ்வளவு வடக்கில் திராட்சை பழுக்கவே யோசிக்கும். இந்தச் சரிவு இருப்பதால் பழுக்கிறது. துறவிகள் காட்டை வெட்டினார்கள், ஷ்டைன்பெர்க் என்ற குன்றில் கொடி நட்டார்கள், பின்னாளில் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். சொந்தக் கப்பலில் கொலோன் நகரத்துக்கு மது அனுப்பி விற்றார்கள். பிரார்த்தனை நேரம் போக மீதி நேரத்தில் அவர்கள் நடத்தியது, அன்றைய ஐரோப்பாவின் பெரிய சாராய வியாபாரங்களில் ஒன்று. 1803இல் மடம் கலைக்கப்பட்டது. இன்று அது ஓர் அறக்கட்டளையின் உடைமை. கலைந்தாலும் கௌரவம் குறையவில்லை. சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கி உள்ளே போகிறார்கள்.

அங்கே வேலை செய்தவர்கள் யார்? மந்திரம் ஓதும் துறவிகள் ஒரு வகுப்பு, மண்வெட்டி பிடிக்கும் பணித்துறவிகள் இன்னொரு வகுப்பு. இவர்களுக்குத் தனிப் படுக்கைக் கூடம், தனி உணவுக் கூடம், கோயிலுக்குள்ளேயும் தனி இடம். மடத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கும் கிடையாது. உழைப்பவனுக்கும் ஓதுபவனுக்கும் நடுவே சுவர் வைப்பது நம் ஊரில் மட்டும் கண்டுபிடித்த சங்கதி இல்லை என்று தெரிந்துகொள்வதில் ஓர் அற்பத் திருப்தி உண்டு. அந்தப் பணித்துறவிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது பழைய திராட்சை ஆலைகளை வரிசையாக நிறுத்திக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆள் போய்விட்டான், அவன் இயக்கிய எந்திரம் மரபுச் சின்னமாகிவிட்டது.

தோட்டத்துக் கதை வேறு. பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு விடியுமுன்பே நடக்கும். பால்மரத்துக்கு வெயில் ஏறுமுன் கீறல் போட வேண்டும், ஏறிவிட்டால் பால் உறைந்து ஒழுக்கு நின்றுவிடும். பிற்பகலில் வாளியைக் கொட்டிக் கணக்குக் கொடுத்துவிட்டு குடியிருப்பு வரிசையான லயத்துக்குத் திரும்புகிறவனுக்கு வழியிலேயே கள்ளுக்கடை. கடை தோட்ட எல்லைக்குள், நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்தது. பட்டணத்தில் இருந்தவை அரசாங்கக் கள்ளுக்கடைகள். சம்பளமாகக் கொடுத்த காசில் ஒரு பகுதி சாயங்காலமே கள்ளாகி, கொடுத்தவன் பெட்டிக்கே திரும்பிப் போனது. இதில் வந்த லாபத்துக்கு ‘டோடி ஃபண்ட்’ என்று ஒரு நிதி இருந்தது. தொழிலாளர் நலனுக்காம். கோயில் திருவிழா, விளையாட்டு என்று அதிலிருந்து செலவு செய்தார்கள். குடிக்கிறவன் காசிலேயே அவனுடைய சாமிக்குத் தேர், அவனுடைய பிள்ளைக்குப் பந்து. கொடுப்பவர் பட்டியலில் மட்டும் துரையின் பெயர். கருணையை இவ்வளவு மலிவாகக் கொள்முதல் செய்தவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தக் கணக்கை எழுத்தறிவு குறைந்த அந்த மனிதர்கள் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் நாம் மறந்துவிட்ட செய்தி. 1941 பட்டியலில் கள்ளுக்கடை கூலிக்கும் மரியாதைக்கும் பக்கத்தில் நிற்கிறது, கோயில் கட்டளைகளின் வரிசையில் இல்லை. குடிப்பது பாவம் என்று அவர்கள் எழுதவில்லை. எங்களை இங்கே கட்டி வைப்பதற்கு இதுவும் ஒரு கயிறு என்பதே அந்த வரிசையின் பொருள் என்று நான் படிக்கிறேன். போருக்குப் பிறகு கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படையும் அதே வழியில் போனது. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீசோடு மோதலில் முடிந்து, ஒரு தொழிலாளியின் உயிர் போனது. கள்ளுக்கடைக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஓர் அரசாங்கம் ஆயுதத்தோடு வருகிறது என்றால், அங்கே குடிக்கு அடிமையாகிக் கிடப்பது யார்? ஒரு நாள் கடை மூடியிருந்தால் தொழிலாளிக்குக் கை நடுங்கியிருக்கலாம். கஜானாவுக்கு நடுக்கம் அதைவிட அதிகம்.

கள்ளுக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. இதை ஒழுக்கம் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை. தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் வடிவது இனிப்புச் சாறு. சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். அப்போது அதில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கோ ஐந்தோ, ஏறத்தாழ பீர் அளவு. திராட்சை மதுவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மறுநாள் கள் புளித்துவிடும், அதற்கடுத்த நாள் ஊறுகாய்க்கு ஊற்றும் காடிதான். கள்ளை நிலவறையில் பூட்டி வைக்க முடியாது. இருபது வருஷம் கழித்து ஏலம் விட முடியாது. வருஷத்தைப் பொறித்துச் சீட்டு ஒட்ட முடியாது. இருப்பு வைக்க முடியாத பொருளுக்கு வியாபாரி வரலாறு எழுத மாட்டான். அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்கே குடிக்கிற பானம் அன்றாடங்காய்ச்சியோடு நின்றுபோனது. சேமிக்க முடிந்தது மடத்துக்கும் பிரபுவுக்கும் வங்கிக்கும் போய்ப் பரம்பரைச் சொத்தானது.

எபர்பாக்குக்குப் பக்கத்திலேயே யோஹானிஸ்பெர்க் அரண்மனைத் தோட்டம் இருக்கிறது. 1775இல் அறுவடைக்கு உத்தரவு கொண்டுவர வேண்டிய தூதன் தாமதமாக வந்தானாம். அதற்குள் திராட்சையில் பூசணம் பிடித்து அழுகத் தொடங்கிவிட்டதாம். வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்களாம், மது அமிர்தமாக வந்ததாம். அந்தத் தூதனுக்குக் குதிரையோடு சிலை வைத்திருக்கிறார்கள். நம் மரமேறி அரை நாள் தாமதமாகக் கலயத்தை இறக்கினால் அவனுக்குக் கிடைப்பது வசவு. மது ரசிகர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: குளிரிலும் கல்லிலும் கஷ்டப்பட்டு வளர்ந்த கொடிதான் சிறந்த பழம் தரும் என்று. கொடியின் கஷ்டத்தை இவ்வளவு நயமாகச் சுவைத்துப் பேசத் தெரிந்தவர்கள், செங்குத்துச் சரிவில் முதுகில் கூடை சுமக்கிறவனின் கஷ்டத்தை நாவில் உணர்ந்ததாகப் பதிவு இல்லை.

இனி நம் பக்கம். குடியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மேடையில் முதலில் வருபவர் வள்ளுவர். கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம், உண்மைதான். ஆனால் அதை அவர் வைத்திருக்கும் இடத்தைக் கவனித்தவர்கள் குறைவு. அது பொருட்பாலில் இருக்கிறது. பொதுமகளிரையும் சூதையும் பற்றிய அதிகாரங்களுக்கு நடுவே, ஒருவனுடைய பெயரும் செல்வமும் எதனால் கரைகின்றன என்ற பேச்சின் பகுதியாக வருகிறது. அறத்துப்பாலில் அவர் எடுத்துவைத்தது புலால் மறுத்தலை, அது 26ஆவது அதிகாரம். மட்டன் வறுவலை ஒரு கை பார்த்துக்கொண்டே தோட்டத்துக் குடிகாரனுக்குக் குறள் சொல்கிறவர்கள், எந்தப் பாலில் தாங்கள் தோற்றிருக்கிறார்கள் என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். சங்கப் பாட்டில் கள் குடிக்காத அரசனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யவனர் கொண்டுவந்த திராட்சை மதுவுக்கு அந்தக் காலத்து அரண்மனையிலேயே தனி வரவேற்பு, ஜாடித் துண்டுகள் அரிக்கமேட்டில் தோண்டக் கிடைத்தன. இறக்குமதிச் சரக்குக்கு இறங்கிப் போகும் குணம் நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம்.

சாமிகளைப் பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மரத்தடி முனியாண்டிகளுக்குப் பஞ்சமில்லை. சுருட்டு, சாராயம், கோழி என்று முனியாண்டி அவர் பாட்டுக்கு இருந்தவர். கல்யாண மண்டபம் கட்டும் அளவுக்குக் கோயிலுக்கு வசதி வந்ததும் அவர் முனீஸ்வரர் ஆகிறார், ஐயர் வருகிறார், கள் வாசலுக்கு வெளியே போகிறது. வெளியே போகாத இடங்களிலும் பாருங்கள். பீடத்தில் நிற்பது ஸ்டவுட் போத்தலும் விஸ்கி போத்தலும்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஃபாத்திமா மாதா கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. அங்கேயும் பூசைக்குத் திராட்சை மதுதான் வேண்டும், திருச்சபைச் சட்டம் அப்படி. தென்னை விளைகிற தேசத்தில் தென்னையின் சாறு தேவரத்தமாக முடியாது, குளிர்தேசத்துக் கொடியின் சாறுதான் முடியும் என்பது எந்தத் தேவன் போட்ட விதி? பக்தியைப் புண்படுத்தக் கேட்கவில்லை. கடவுள்களுக்குக்கூட இறக்குமதி ரசனை எப்படி வந்தது என்பதே என் சந்தேகம்.

சுயமரியாதைக்காரர்களாவது நேராக யோசித்தார்களா? பெரியார் ஈ.வெ. ராமசாமி 1921இல் காந்தியின் சொல் கேட்டு, சேலத்தில் இருந்த சொந்தத் தோப்பில் கள் இறக்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டு மறியலை மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் நடத்தினார்கள். பிற்காலத்தில் அதே பெரியார் மதுவிலக்கை எதிர்த்தார். மரத்தை வெட்டியது முட்டாள்தனமா, பிறகு எதிர்த்தது துரோகமா என்று கேட்கிறவர்கள் இரண்டையும் தவறவிட்டவர்கள். 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து தோட்ட மக்களிடம் பேசிய அந்த மனிதருக்கு, மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மரத்தை விற்றவன் தப்பித்துக்கொள்கிறான் என்பது நாளாக நாளாகப் புரிந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அது புரியாத ஊராக இன்றைய தமிழ்நாடே இருக்கிறது. அங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனமே சந்துக்குச் சந்து கடை வைத்து பிராந்தியும் ரம்மும் விற்கிறது. பனையேறி பனையிலிருந்து இறக்கினால் கைது, ஆலையிலிருந்து லாரியில் இறங்கினால் வருவாய். ‘டோடி ஃபண்ட்’ வைத்திருந்த வெள்ளைக்காரன் உயிரோடு வந்து பார்த்தால், நம் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று கண்ணீர் விடுவான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் குடிக்கச் சொல்கிறாயா என்று ஒரு குரல் வரும். இல்லை. சம்பள நாள் ராத்திரி லயத்துச் சுவர் வழியாகக் கேட்கும் அடியின் சத்தத்துக்கு எந்தத் தத்துவமும் சமாதானம் சொல்லாது. அடி வாங்கியவளுக்குப் புருஷன் குடித்தது மலிவுச் சாராயமான சம்சுவா, ஜெர்மன் திராட்சை மதுவான ரீஸ்லிங்கா என்பது ஒரு பொருட்டில்லை. ஆனால் நீதி சொல்ல வருகிறவர்களுக்கு அது பெரிய பொருட்டாக இருக்கிறதே! சீஃபீல்ட் தோட்டம் இருந்த மண்ணில் சுபாங் ஜெயா எழுந்து நிற்கிறது. அங்குள்ள பேரங்காடியில் ‘ஹலால் அல்லாதவை’ என்று தடுத்த மூலைக்குப் போனால், சரிவான குன்றும் மதிலும் மடமும் அச்சடித்த சீட்டோடு ரீஸ்லிங் போத்தல் நிற்கும். அதை வாங்கிப் போய் மனைவியை அடிக்கும் வழக்கறிஞர் இருந்தால் அவர் ‘மன அழுத்தத்தில் இருப்பவர்’. லயத்திலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்ட பாதுகாவலர் ஒருவர் மலிவுச் சம்சு குடித்து அடித்தால் அது ‘இந்தியர் பிரச்சினை’. அடி ஒன்று, குற்றம் ஒன்று. பெயர் வைக்கும்போது மட்டும் ஒருவருக்கு நோய், இன்னொருவருக்கு இனம்.

பகுத்தறிவாளனிடம் இருக்க வேண்டிய அளவுகோல் எளியது. சீட்டைக் கிழித்துவிட்டுக் கேள். விற்றவன் யார், லாபம் எங்கே போனது, குடித்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததா, அவன் வீட்டில் சேதம் யாருக்கு. எபர்பாக் மடம் மதுவில் கட்டிய மாளிகையை வாய்பிளந்து ரசிப்பவருக்குத் தோட்டக் கள்ளுக்கடையைக் காறித் துப்ப உரிமை இல்லை. இரண்டையும் துப்புகிறேன் என்றால் மரியாதை, இரண்டையும் ரசிக்கிறேன் என்றாலும் ஒரு நாணயம் இருக்கிறது. ஒன்றுக்குக் கேமராவும் மற்றொன்றுக்குக் கைக்குட்டையும் எடுக்கிறவரிடம் ஒழுக்கம் இல்லை, வெறும் வர்க்கம்தான் இருக்கிறது.

2018 செப்டம்பரில் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் நேபாளம், மியன்மார், வங்காளதேசத்திலிருந்து வந்த கூலிகள். இந்த நாட்டில் மதுவுக்கு வரி உச்சத்தில் இருக்கிறது. வரி கட்டிய சரக்கு அவர்கள் கைக்கு எட்டாது. கடத்தலும் கள்ளச் சரக்குமே எட்டும். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண்ணைக் கெடுக்கும், பிறகு உயிரை எடுக்கும். ஆஸ்பத்திரியில் அதற்குக் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல சாராயத்தில் இருக்கும் அதே பொருள். ஈரலில் உள்ள நொதி எத்தனாலை முதலில் கவனிப்பதால் மெத்தனால் விஷமாக மாறாமல் மெல்ல மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. சில மதங்கள் விலக்கியதை டாக்டர் மருந்தாக ஏற்றினார் என்றால் பாவம் எந்தக் கட்டத்தில் புண்ணியமாக மாறியது என்று சாத்திரக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய இரங்கலை நான் படித்தேன். ‘குடிச்சா இப்படித்தான்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பெரும்பாலும் போகவில்லை. தோட்டத்தில் நம் தாத்தாவைப் பார்த்துத் துரை சொன்னதை, தாத்தா நின்ற இடத்தில் இப்போது நிற்கும் நேபாளியைப் பார்த்து நாம் சொல்கிறோம். பதவி உயர்வு என்பது இதுதான் போலும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டு விருந்தில் உட்கார்ந்து பாருங்கள். மேடையில் ஒருவர் ‘சம்சுவில் சீரழியும் இந்திய இளைஞர்’ என்ற தலைப்பில் முழங்குவார். முக்கியஸ்தர் மேசையில் சிவப்பு மது ஊற்றப்பட்டிருக்கும். ஊற்றியவர் அநேகமாக நேபாளத்துக்காரராக இருப்பார். அவர் வேலை முடிந்து கிள்ளான் பக்கத்து விடுதிக்குப் போய் எதைக் குடிப்பார், அதை எந்த ஆய்வுக்கூடம் சோதித்தது, அதன் வரி ஏன் அவரைக் கள்ளச் சரக்குக்குத் தள்ளுகிறது என்று பேச்சாளரைப் பார்த்து யாராவது எழுந்து கேட்கட்டும். கேட்டவரை உட்காரச் சொல்லிக் கை நீளும் மேசை எது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.